மடித்து வைத்த பை

நம் நாட்டு இல்லங்கள் பலவற்றில் அடுக்களைக் கதவின் பின்புறத்தே ஓர் ஆணி இருக்கும். அவ்வாணியில் ஒரு பை தொங்கும். அப்பையினுள்ளே வேறு பைகள் திணிக்கப்பட்டிருக்கும். காய்கறி வாங்கி வந்த பை, மருந்துக் கடையில் தந்த பை, துணிக் கடையின் பெரிய பை, அண்டை வீட்டார் கறிவேப்பிலை இட்டுக் கொடுத்த சிறு பை என அவை பல திறத்தன. நாள்தோறும் ஒன்றும் இரண்டுமாக அவை சேருமேயன்றிக் குறைதல் அரிது.

ஒரு நாள் உறவினர் ஒருவர் வருகிறார். அவர் விடைபெறும் வேளையில், தோட்டத்து எலுமிச்சம்பழங்கள் சிலவற்றைக் கொடுத்தனுப்பப் பாட்டியார் விரும்புகிறார். "ஒரு பை எடுத்து வா, அப்பா" என்று பேரனை ஏவுகிறார். சிறுவன் ஓடிச் சென்று ஒரு பையைப் பற்றி இழுக்கிறான். ஒன்றன் கைப்பிடி மற்றொன்றில் சிக்கியிருத்தலின், பத்துப் பைகள் ஒருங்கே வெளிப்பட்டுத் தரையில் சிதறுகின்றன. அவற்றுள் ஒன்று கிழிந்தது. ஒன்றில் பழைய மீன் நாற்றம். மற்றொன்றன் அடியில் அழுகிய தக்காளித் தோல். நல்லதொரு பை அகப்படுமுன் உறவினர் வாயிலைக் கடந்துவிடுகிறார். பழங்கள் அவர்தம் மேல்துண்டின் முனையில் முடியப்பட்டுச் செல்கின்றன. சிதறிய பைகள் முன்போலவே ஆணிப்பைக்குள் அடைக்கப்படுகின்றன.

இவ்வீட்டில் ஐம்பது பைகள் உள்ளன. எனினும், வேண்டும்போது ஒரு பையும் இல்லை. இவ்வாறு கைக்கு எட்டாத பைகளால் விளைவது யாது? கடைக்குச் செல்வோர் வெறுங்கையோடு சென்று புதிய பையொன்றைக் காசு கொடுத்து வாங்கி வருவர். ஆணி தாங்காத நிலை வரும்போது, பழைய பைகள் அனைத்தும் ஒரே மூட்டையாகக் குப்பையில் எறியப்படும். அவற்றுள் பெரும்பாலன ஒரே முறை பயன்பட்டவை. எனவே, பைகளைத் தூய்மை செய்து மடித்து வைத்தல் வீட்டின் அழகிற்கு மட்டும் உரிய செயல் அன்று. எந்தப் பை மீண்டும் பயன்படும், எந்தப் பை தெருவிற்குப் போகும் என்பதை முடிவு செய்வது அதுவேயாம்.

பை என்பது தமிழில் மிகப் பழைய சொல். ஓரெழுத்தே ஒரு சொல்லாய் நின்று பொருள் தருவனவற்றை ஓரெழுத்தொருமொழி என்பர். நன்னூலார் எண்ணிக் கூறிய 42 ஓரெழுத்தொருமொழிகளுள் பையும் ஒன்று. பாம்பின் படத்திற்கும் பை என்னும் பெயர் உண்டு. விரிதலும் சுருங்குதலும் படத்திற்கும் உரியன. நாம் பொருள் இடும் பைக்கும் உரியன. இக்காலத்துப் பைகளைச் செய்யும் பொருளுக்கு நெகிழி என்னும் பெயர் வழங்கி வருகிறது. வெப்பத்தால் நெகிழ்ந்து, வேண்டும் வடிவை ஏற்பது என்பது அதன் கருத்து. பேச்சு வழக்கிலோ மக்கள் இதனைக் 'கவர்' என்றே குறிக்கின்றனர். அஃது ஆங்கிலச் சொல். எனினும், தமிழில் கவர்தல் என்பதற்குப் பற்றிக்கொள்ளுதல் என்று பொருள். வீட்டின் மூலை முடுக்குகளையெல்லாம் தமதாக்கிக்கொள்ளும் இப்பைகளுக்கு அப்பெயர் பொருந்தாது என்று கூறுதற்கில்லை.

முன்னாளில் நம் மக்கள் பொருளுக்கேற்ற கொள்கலன்களை வைத்திருந்தனர். பாட்டிமார் இடுப்பிற் செருகிய சுருக்குப்பை, பனையோலையால் முடைந்த பெட்டி, மூங்கிற்கூடை, திருமணங்களில் தாம்பூலத்தோடு தந்த மஞ்சட்பை ஆகியவற்றை இன்றும் முதியோர் நினைவிற் கொண்டுள்ளனர். அவை எண்ணிக்கையிற் சில. ஆதலின், ஒவ்வொன்றற்கும் வீட்டில் ஓர் இடம் இருந்தது. கிழிந்தால் தைத்தனர், அழுக்கேறினால் துவைத்தனர். நெகிழிப் பை வந்த பின்னரே, எண்ணற்ற பைகள் இடமின்றிக் கிடக்கும் நிலை தோன்றிற்று.

நெகிழிப் பை வந்த வரலாறு சுவை மிக்கது. 1933ஆம் ஆண்டு, இங்கிலாந்து நாட்டில் நார்த்விச் என்னும் ஊரிலுள்ள ஆய்வுக்கூடத்தில் எரிக் பாசெட், ரெஜினால்டு கிப்சன் என்னும் அறிஞர் இருவர் எத்திலீன் என்னும் வளிமத்தை மிகுந்த அழுத்தத்திற்கு உட்படுத்தி ஆராய்ந்தனர். அவர்கள் எதிர்பார்த்தது வேறொரு விளைவு. கலத்தைத் திறந்தபோது மெழுகு போன்ற வெண்ணிறப் பொருள் சிறிது படிந்திருக்கக் கண்டனர். அதுவே பாலித்தீன். எத்திலீனின் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலி போலக் கோத்துக்கொண்டதனால் அது பிறந்தது. பின்னர் 1953ஆம் ஆண்டு, செருமனி நாட்டு வேதியியல் அறிஞர் கார்ல் சீக்லர், பேரழுத்தம் இன்றியே உறுதி மிகுந்த பாலித்தீனைச் செய்யும் வழியைக் கண்டறிந்தார். இத்துறையில் ஆற்றிய பணிக்காக அவரும் இத்தாலி நாட்டு ஜூலியோ நட்டாவும் 1963ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அப்பொருளைக் கைப்பிடியுள்ள பையாக்கியவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்தாப் துலின் என்பவர். செல்லோபிளாஸ்ட் என்னும் நிறுவனத்திற்காக அவர் வகுத்த பைக்கு 1965ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுக் காப்புரிமை கிடைத்தது. அவர் செய்த முறை எளியது. தட்டையான நெகிழிக் குழாய் ஒன்றை எடுத்து, அதன் பக்கங்களை உள்நோக்கி மடித்து, மேலும் கீழும் வெப்பத்தால் ஒட்டி, மேற்பகுதியின் நடுவே ஒரு துண்டை வெட்டி நீக்கினால், இருபுறமும் கைப்பிடிகள் அமைந்துவிடும். தையலும் இல்லை, பசையும் இல்லை. மிகக் குறைந்த எடையே உள்ள அப்பை, தன் எடையினும் பன்மடங்கு மிகுந்த பொருளைத் தாங்கியது.

அக்காலத்தில் கடைகளிற் பெருவழக்காயிருந்தவை காகிதப் பைகள். அவற்றிற்காக மரங்கள் வெட்டப்பட்டன; நனைந்தாலோ அவை கிழிந்தன. பலமுறை பயன்படும் உறுதியான பை ஒன்று இருப்பின் மரங்கள் பிழைக்கும் என்பது துலினின் எண்ணம். அவர் எப்பொழுதும் தம் சட்டைப்பையில் ஒரு நெகிழிப் பையை மடித்து வைத்திருப்பார் என்றும், ஒரு முறை பயன்படுத்தி எறிந்துவிடும் வழக்கம் அவருக்கு விந்தையாகவே தோன்றியிருக்கும் என்றும் அவர்தம் மகன் பின்னாளிற் கூறியுள்ளார். பையை ஆக்கியவரே அதனை மடித்து வைத்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. எறிவதற்கென்று அவர் அதனைச் செய்தாரல்லர்.

இனி, மடிக்கும் முறையைக் காண்போம். முதற்கண் பையை ஆராய்தல் வேண்டும். கிழிந்தவை, எண்ணெய்ப் பிசுக்கு நீங்காதவை, இறைச்சியும் மீனும் வைத்தவை ஆகியவற்றைத் தனியே ஒதுக்குக. எஞ்சியவற்றில் மண்ணோ ஈரமோ இருப்பின் நீரில் அலசி, உட்புறம் வெளியே வருமாறு திருப்பிக் கொடியில் உலர்த்துக. ஈரத்தோடு மடித்த பையில் இரண்டு மூன்று நாட்களில் பூஞ்சை படரும்; அவ்வொன்றன் நாற்றம் பெட்டியிலுள்ள அனைத்திற்கும் ஏறும். பலர் மடிக்கும் கலையைக் கற்றும் பயன் பெறாமைக்கு இவ்வீரமே காரணம். எனவே, உலர்த்துதலை மடித்தலினும் முதன்மையான செயலாகக் கொள்ளல் வேண்டும்.

உலர்ந்த பையை மேசைமீதோ தரைமீதோ பரப்புக. அதன் இரு பக்கங்களிலும் ஆலையில் இட்ட உள்மடிப்பின் தடம் இருக்கும். விரலால் அத்தடத்தை உள்ளே தள்ளினால், பை தன் பழைய தட்டை வடிவை எய்தும். தடத்தை மீறிப் புதிய மடிப்பை உண்டாக்குவோர் பையோடு போராட வேண்டியிருக்கும். தடத்தின்வழிச் செல்வோர்க்கோ பை எளிதில் வயப்படும். பின்னர், இரு கைப்பிடிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு நீளவாக்கில் ஒருமுறை மடித்து, மீண்டும் ஒருமுறை நீளவாக்கில் மடிக்க, நான்கு விரல் அகலமுள்ள பட்டை கிடைக்கும். உள்ளங்கையால் அதனை அடியிலிருந்து வாயை நோக்கி நீவுக. அடி மூடியது, வாய் திறந்தது, ஆதலின், காற்று வெளியேறும் வழி வாயேயாம். வாய்ப்புறத்திலிருந்து மடிக்கத் தொடங்கினால் காற்று உள்ளே சிறைப்பட்டுப் பை உப்பிக்கொள்ளும்.

அடுத்து, பட்டையின் அடிமூலை ஒன்றைப் பற்றி, அடிவிளிம்பு பக்கவிளிம்போடு பொருந்துமாறு சாய்வாக மடிக்க, அடியில் ஒரு முக்கோணம் தோன்றும். அம்முக்கோணத்தை அப்படியே மேல்நோக்கி ஒருமுறை நேராகவும், அடுத்த முறை சாய்வாகவும் மாறி மாறி மடித்துக்கொண்டே செல்க. வெற்றிலையை முக்கோணமாக மடித்துத் தருவாரைக் கண்டோர்க்கு இதன் போக்கு எளிதில் விளங்கும். முடிவில் கைப்பிடிப் பகுதி சிறிய வாலாக எஞ்சும். முக்கோணத்தின் ஒரு பக்கத்தில் மடிப்புகளுக்கிடையே சிறு வாய் ஒன்று அமைந்திருக்கும். வாலை அதனுட் செருகிவிட்டால் கட்டு அவிழாது. நூலும் வேண்டா, இரப்பர் வளையமும் வேண்டா. இரப்பர் வளையம் நாளடைவில் இளகிப் பையோடு ஒட்டிக்கொள்ளும் இயல்பினது. ஜப்பான் நாட்டு இல்லங்களிலும் இம்முக்கோண மடிப்பு நன்கு வழக்கில் உள்ளது.

பழகாத கைக்கு முதல் இரண்டு மூன்று பைகள் கோணலாகவே வரும். பழகிய பின்னர் ஒரு பைக்கு அரை நிமிடம் போதும். மடித்த பை இரண்டு விரல் அகலமே இருக்கும். சட்டைப்பையிலும் புத்தகப்பையின் ஓரத்திலும் அடங்கும். வேண்டும்போது வாலை உருவி ஒருமுறை உதறினால் விரிந்துவிடும்.

எல்லாப் பைகளையும் முக்கோணமாக்க வேண்டும் என்பதில்லை. துணிக் கடைகளில் தரும் தடித்த பைகள் அதற்கு இணங்கா. அவற்றை நான்காக மடித்து, ஏடுகளை அடுக்குவது போலப் பெட்டியில் நிறுத்தி வைக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியிலுள்ளதை எடுக்கும்போது அனைத்தும் குலையும். நிறுத்தி வைத்தால் வேண்டியதை மட்டும் உருவலாம்.

வைக்கும் இடத்தைத் தெரிதலில் சில செய்திகளைக் கருதல் வேண்டும். பிஸ்கட் வந்த தகரப்பெட்டியோ, செருப்பு வந்த அட்டைப்பெட்டியோ இதற்குப் போதும். சிறியன, நடுத்தரமானவை, பெரியன என்று மூன்று பகுதியாகப் பிரித்தால் தேடும் தொல்லை இராது. பெட்டி அடுப்பின் அருகில் இருத்தலாகாது. பாலித்தீன் விரைவில் உருகித் தீப்பற்றும். வெயில் படும் பலகணி ஓரமும் ஆகாது. கதிரவன் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பாலித்தீனின் நீண்ட சங்கிலிகளை அறுத்துவிடும். அதனாற் பை வலிமை குன்றிச் செதில் செதிலாக உதிரும். அங்ஙனம் உதிர்ந்த துகள்கள் மண்ணோடு கலந்துவிடின் பொறுக்கி எடுத்தல் இயலாது.

தவழும் குழந்தைகள் உள்ள வீட்டில் இப்பெட்டி உயரத்திலேயே இருத்தல் வேண்டும். மெல்லிய பை குழந்தையின் முகத்திற் படிந்தால், மூக்கையும் வாயையும் அடைத்து மூச்சை நிறுத்திவிடும். குழந்தை அழவும் இயலாது. விரிந்த பைகளைத் தரையிலும் கட்டிலிலும் போட்டு வைத்தலின் கேடு இத்துணைப் பெரிதென்பதைப் பலர் அறியார். மடித்த பையையும் குழந்தை வாயிலிட்டுக்கொள்ளக் கூடுமாதலின், மடித்துவிட்டோம் என்று தாழ்வான இடத்தில் வைத்தலும் தவறே.

எத்துணைப் பைகளை வைத்திருத்தல் தகும்? பெட்டியின் அளவே பைகளின் அளவு என்று கொள்ளுதல் நலம். பெட்டி நிறைந்துவிட்டதாயின், இனிக் கடைக்குப் போகும்போது அதிலிருந்து எடுத்துச் செல்ல வேண்டுமேயன்றி, மற்றொரு பெட்டியைத் தேடுதல் கூடாது. மடித்து வைப்பதில் தேர்ந்த சிலர், அத்திறமையாலேயே மேலும் மேலும் பைகளைச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. ஆணியில் தொங்கிய குப்பை அழகிய பெட்டிக்குள் குடிபுகுந்தது என்பதன்றி, அங்கு வேறு மாற்றம் நிகழவில்லை.

பழைய பையை எதற்கும் பயன்படுத்தலாம் என்று எண்ணுதலும் பிழை. சூடான சாம்பார், தேநீர் முதலியவற்றை இப்பைகளில் ஊற்றுதல் தகாது. வண்ண எழுத்துகள் அச்சிட்ட பக்கம் உணவிற் படுமாறு பையைத் திருப்பிப் பயன்படுத்தலும் தகாது. செருப்பு வைத்தல், நனைந்த துணியைப் பயணத்திற் சுருட்டி வைத்தல், மழைநாளில் புத்தகத்தைப் பொதிதல் ஆகியவற்றிற்கு அவை ஏற்றன.

வீட்டை விட்டு வெளியே எறியப்பட்ட பையின் நிலை யாது? பாலித்தீன் நீரினும் அடர்த்தி குறைந்தது. ஆதலின், மழைநீரில் மிதந்து சென்று சாக்கடையின் கம்பித் தடுப்பிற் படிந்து நீரைத் தடுக்கும். வங்காளதேசத்தில் 1988, 1998 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த பெருவெள்ளங்களின்போது, வடிகால்கள் இப்பைகளால் அடைபட்டமை பெருந்துன்பத்தை மிகுவித்தது. அந்நாடு 2002ஆம் ஆண்டு மெல்லிய நெகிழிப் பைகளைத் தடை செய்தது. நாடு முழுவதற்கும் அத்தகைய தடையை முதன்முதல் விதித்தது அதுவே.

நம் தெருக்களில் இடர்ப்படுவன மாடுகள். காய்கறித் தோலையும் சோற்றையும் பையிலிட்டு முடிச்சிட்டு எறிகின்றனர். மாட்டிற்கு முடிச்சை அவிழ்க்கக் கை இல்லை, உணவின் மணமோ அதனை ஈர்க்கிறது, பையோடு விழுங்கிவிடுகிறது. மாட்டின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. முதல் அறையிற் சேர்ந்த பை செரிப்பதுமில்லை. எளிதில் அடுத்த அறைக்குச் செல்வதுமில்லை. ஒன்றோடொன்று பிணைந்து பந்தாகித் தங்கிவிடும். வயிறு நிறைந்ததுபோல் தோன்றுதலின், மாடு தீனி எடுக்காது மெலியும். கால்நடை மருத்துவர்கள் அறுவை செய்து ஒரே மாட்டின் வயிற்றிலிருந்து பல கிலோகிராம் நெகிழியை எடுத்த நிகழ்ச்சிகள் பலவாம்.

இவற்றையெல்லாம் கருதியே, தமிழ்நாட்டரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களை 2019ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் தொட்டுத் தடை செய்தது. கைப்பிடிப் பைகளும் அவற்றுள் அடங்கும். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. திருமண வீட்டுத் துணிப்பையே மீண்டும் கடைத்தெருவிற்கு வந்தது. துணிப்பையையும் மேற்கூறிய முறையில் நான்காக மடித்துப் புத்தகப்பையிலோ மிதிவண்டிப் பெட்டியிலோ வைத்துக்கொள்ளலாம். துணிப்பை வீட்டில் இருந்தும் கடையில் இல்லாமற் போவதே பலர்க்கும் நேரும் குறை. தடைக்குப் பின்னும் முன்னரே சேர்ந்த பைகளும், பொருள்களை அடைத்து விற்கும் உறைகளும் வீடுகளில் இருந்தே வருகின்றன. புதியனவற்றை வாங்காமையும் உள்ளனவற்றை வீணாக்காமையும் ஒருங்கே நடைபெற வேண்டியவை.

பால் உறைகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றை வெட்டும்போது மூலைத்துண்டு முழுதும் தனியே விழாதவாறு சிறிது ஒட்டவிட்டு வெட்டுதல் நன்று. அச்சிறு துண்டுகளைப் பொறுக்குவார் எவரும் இலர். உறையை அலசி உலர்த்திச் சேர்த்து வைத்தால், பழைய பொருள் வாங்குவோர் எடைக்கு எடுத்துக்கொள்வர்.

எத்துணைப் போற்றினும் பை ஒரு நாள் கிழியும். கிழிந்த பையை எரித்தலாகாது. புகை நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். அதற்கும் ஒரு பயன் உண்டென்று காட்டியவர் மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியற் பேராசிரியர் வாசுதேவன் ஆவார். அப்பணிக்காக அவருக்கு 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் வகுத்த முறைப்படி, நெகிழிக் கழிவைச் சிறு துணுக்குகளாக நறுக்கி, ஏறத்தாழ 160 பாகை செல்சியசு அளவிற்குச் சூடேற்றிய சல்லிக் கற்களின்மீது தூவுவர். துணுக்குகள் உருகிக் கற்களின்மேல் மெல்லிய பூச்சாகப் படியும். பின்னர் அதனோடு தாரைக் கலந்து சாலை இடுவர். கல்லின் நுண்துளைகளை நெகிழி மூடிவிடுதலின், மழைநீர் எளிதில் உட்புகுந்து கல்லையும் தாரையும் பிரிப்பதில்லை. நறுக்கும் பொறிக்குச் செல்லும் நெகிழி, மண்ணும் ஈரமும் இன்றி இருத்தல் வேண்டும். அலசி உலர்த்திச் சேர்த்த பைகள் நேரே பொறிக்குச் செல்லும். குப்பையோடு குழைந்து வந்த பைகளைத் தொழிலாளர் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக் கழுவிக் காயவைத்த பின்னரே பொறியில் இட இயலும்.